வலது பக்கத்தை நீ மாற்றவே இல்லை

மகேஷுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. பேரை மட்டும் போட்டிருக்கிறேன். சுகமா என்றும் கேட்கப் போவதில்லை. கோயம்புத்தூரில் நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று நீ அனுப்புகிற படங்களே சொல்கின்றன. கல்யாணச் சட்டை எடுத்த படம், மாலைக்கு மாதிரி பார்த்த படம், சிநேகிதர்களோடு சிரிக்கிற படம். ஆவணியில் கல்யாணம். "யம்மா, ஏன் பேசவே மாட்டேங்குற, இம்புட்டு வேலை கெடக்கு" என்று நேற்றும் குரல் அனுப்பியிருந்தாய். ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நம் சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போடப் போகிறேன். "அம்மாவுக்குக் கண் பார்வை சரியில்லை, இனிமே கார் ஓட்ட மாட்டாங்க" என்று நீ எழுதியது அந்தக் குரூப்பில்தானே. அதற்கு இருபக்கத்துச் சித்தப்பா பெரியப்பாக்களும் கை கூப்பின பொம்மை போட்டார்கள். அவர்களும் படிக்கட்டும்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் எழுதினால் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், வீட்டை எப்படி நடத்த வேண்டும் என்று. அதைவிட, நான் உன்னை வளர்த்ததில் எங்கே தப்புச் செய்தேன் என்று யோசித்து அழுது எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. உன் அப்பா போன பிறகு, காலண்டர் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிற நம் பட்டறையை நான் ஒருத்தியாக நடத்தினேன். உனக்குச் சோறு போட்டேன், படிக்க வைத்தேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதில் குறை வைக்கவில்லை. இப்போது எழுதப்போகிற காரியம் உன்னுடையது. அதை என் வளர்ப்பின்மேல் சாய்த்துவிட்டு நீ நகர்ந்துகொள்ள முடியாது.

தைப் பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். காரில் முன்பக்கம் சத்தம் வருகிறது என்று நான்தான் சொன்னேன். வேகத்தடையில் ஏறி இறங்கினால் கடகடவென்று ஒரு ஓசை, ஸ்டியரிங் கையில் நடுங்கும், டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. மெக்கானிக் முருகனிடம் விட்டுவிடலாம் என்று இருந்தேன். நீ காரைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கீழே குனிந்து டார்ச் அடித்தாய். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம் என்று ஒன்று இருக்கிறதாம், அதன் முனையில் குண்டு மாதிரி ஒரு இணைப்பு இருக்கிறதாம், இரண்டு பக்கமும் அது தேய்ந்து ஆடுகிறது என்றாய். அதற்கு எதற்கு ஒர்க்ஷாப், நானே வீட்டில் மாற்றிவிடுவேன், கோயம்புத்தூரில் சிநேகிதன் காருக்கு மாற்றியிருக்கிறேன் என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மதுரைக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் புதுச் சாமான் வாங்கி வந்தாய். பேச்சியம்மாள் காரை நிறுத்த முற்றத்தைப் பெருக்கிக் கொடுத்தாள்.

பேச்சியம்மாளைத் தெரியாதவர்கள் குரூப்பில் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறி வந்து நம் பட்டறையில் வேலை பார்க்கிறவள். தகரம் மடிக்கிற மேசையில் அவள் உட்கார்ந்தால் ஒரு காலண்டர் கோணலாகப் போகாது. நான் ஆர்டர் எடுக்கச் சிவகாசிக்கு அலைந்த காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைக் கூட்டிவந்து, கை கழுவிவிட்டுச் சோறு போட்டவள் அவள். நான் கண்டிப்பு, அவள் செல்லம். உனக்கு இரண்டு பேரும் தேவையாக இருந்தோம்.

அன்றைக்கு ஒரு பகல் முழுக்க நீ காருக்கு அடியில் கிடந்தாய். இடது பக்கச் சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி போட்டு, செங்கல் முட்டுக் கொடுத்து, பழையதை அடித்து வெளியே எடுத்துப் புதியதை மாட்டினாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டையெல்லாம் கிரீஸ். பேச்சியம்மாள் மோர் கொண்டுவந்து, நீ படுத்திருந்தபடியே வாயில் ஊற்றினாள். சாப்பாட்டுக்குப் பிறகு நான் பட்டறைக்குள் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது நான்கு சக்கரமும் தரையில் நின்றது. நீ குளித்துவிட்டு முடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"ரெண்டு பக்கமும் முடிஞ்சுதாலே?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுதும்மா. திருச்செந்தூருக்குக்கூட அடிச்சுட்டுப் போகலாம்."

இதுதான் நீ சொன்னது. இந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் காது மாற்றிக் கேட்கவில்லை. மறுநாள் நீ ஊருக்குப் போனாய். நான் ஓட்டிப் பார்த்தேன். முன்பு இருந்த பெரிய சத்தம் போயிருந்தது; வலது பக்கம் மட்டும் டக் டக்கென்று லேசாகக் கேட்டது. உனக்குப் போன் போட்டேன். புதுச் சாமான் இல்லையா, ஓட ஓடப் படிந்துவிடும் என்றாய். சரி என்று நம்பினேன். மகன் சொன்னால் நம்பாமல் தாய் வேறு யாரை நம்புவாள்.

பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்பு, சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குத் தகர மாதிரி காட்டப் பேச்சியம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனேன். மூணு மணி வெயில். ஆமத்தூர் தாண்டி ஒரு வேகத்தடை. நான் மெதுவாகத்தான் ஏற்றினேன், கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தது. இறங்கி வேகம் எடுத்ததும் வலது பக்கம் கார் அப்படியே உட்கார்ந்தது. தரையில் இரும்பு உரசுகிற சத்தம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கிறேன், அது எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரிச் சுற்றுகிறது. கார் வலது பக்கமாக ரோட்டைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிறது. எதிரே வேலை முடிந்து திரும்புகிற ஒரு பட்டாசுக் கம்பெனி வேன். உள்ளே நெருக்கி நெருக்கிப் பெண்கள். முன் கண்ணாடி வழியாக அவர்கள் முகம் எனக்குத் தெரிந்தது மகேஷ். ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்தாள். அதைக்கூடப் பார்த்தேன். அந்த டிரைவர் யார் பெற்ற பிள்ளையோ, வேனை மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டான். நாங்கள் அதன் மூக்குக்கு முன்னால் வழுக்கி, அரைவட்டம் சுற்றிப்போய் ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடித்தோம். பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் இடித்தது.

வேனிலிருந்து பெண்கள் குதித்து ஓடிவந்தார்கள். கதவு நசுங்கித் திறக்கவில்லை. என் பக்கமாக என்னை இழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அவளை இழுத்தார்கள். அவர்கள் கையில் எல்லாம் வெள்ளி மாதிரி பட்டாசு மருந்துப் பொடி. என் சேலையிலும் பேச்சியம்மாள் ரவிக்கையிலும் விரல் விரலாகப் பதிந்திருந்தது. அவள் அலறவில்லை. "அக்கா, என் காலு எங்கன இருக்குன்னு பாருங்க" என்று மட்டும் கேட்டாள். கால் இருந்தது. தொடை எலும்பு முறிந்து மடங்கிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இந்த வயசில் நான் கார் பழகினபோதே நம் தெருவில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரியும். இப்போது அவர்கள் சிரிக்கக்கூட வேண்டியதில்லை. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். பேச்சியம்மாள் மகள் தங்கம், என்னை அத்தை அத்தை என்று சுற்றிவந்த பிள்ளை, "எங்க அம்மாவ இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போகாதீக" என்று தலை குனிந்து சொன்னாள். ஓட்டினது நான். நழுவினது என் கையில்தான் என்று நானே நம்பியிருந்தேன்.

காரை இழுத்துக்கொண்டு வந்தது முருகன். அவன் ஒர்க்ஷாப்பில் நிறுத்திக் கீழே பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டான். இடது பக்கம் புத்தம் புதுசாக இருக்கிறது, வலது பக்கம் பழசு, அந்தக் குண்டு கழன்றதால்தான் சக்கரம் மடங்கியிருக்கிறது என்றான். நான் உடனே உனக்குச் சொன்னேன். அப்போதாவது ஒரு மூச்சு நீ நிதானித்திருக்கலாம். நிதானிக்கவில்லை. அவன் காசு பிடுங்கப் பார்க்கிறான், இரண்டையும் என் கையால் மாற்றினேன், நீ அவசரத்தில் பிரேக்குக்குப் பதில் வேறு எதையோ மிதித்திருப்பாய் என்றாய். நான் போய் முருகனை அவன் ஆட்கள் முன்னால் வைத்துத் திட்டினேன். உனக்காகத் திட்டினேன். காரை வீட்டுக்கு இழுத்துவரச் சொல்லி, தார்ப்பாய் போட்டு மூடினேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ குரூப்பில் என் கண்ணைப் பற்றி எழுதினாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாக எழுதினாய்.

அதற்குப் பிறகு நான் ஆட்டோவில் போனேன், பஸ்ஸில் போனேன், பாதி ஆர்டருக்குப் போகவே இல்லை. கண் டாக்டரிடம்கூடப் போனேன். அவர் சின்ன எழுத்தெல்லாம் காட்டிப் படிக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். நான் அவரையும் நம்பவில்லை, உன்னைத்தான் நம்பினேன்.

ஆடிப் பெருக்குக்குச் சிவகாசியில் அடுத்த வருஷத்து மாதிரிகளோடு புதுக் காலண்டர் ஆல்பம் வரும், அதோடு நமக்குச் சீசன் தொடங்கும் என்பது உனக்குத் தெரியாததா. தகரக் கட்டு வைக்க இடம் வேண்டும் என்று பட்டறைப் பரணை ஒழித்தேன். பழைய காலண்டர் கட்டுக்குப் பின்னால் சாக்கு சுற்றி ஒரு அட்டைப்பெட்டி. கனமாக இருந்தது. பிரித்தால், கறுப்பு பெயின்ட் மின்ன, ஒரு கீறல் இல்லாமல் அந்தச் சாமான். பெட்டியின் பக்கவாட்டில் வலது பக்கத்துக்கு என்று அச்சடித்திருந்தது. நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே வேலை செய்த பிள்ளைகள் தலை சுற்றுகிறதா என்று கேட்டார்கள். எனக்குத் தலை அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

அப்போதும் உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "பரண்ல ஒரு பெட்டி இருக்குலே" என்றேன். எந்தப் பெட்டி என்று நீ கேட்கவில்லை. "அது ஸ்பேரா வாங்கி வச்சதும்மா" என்றாய். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதோடு நான் உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன்.

முருகன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெரிய மனசு பண்ணவில்லை. திட்டினதை அவன் சம்சாரத்துக்கு முன்னால் ஒரு தடவை எனக்கே திருப்பிச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் வந்தான். அது அவனுக்கு உரிமை. காரை நம் முற்றத்திலேயே வைத்து வேலை பார்க்கச் சொன்னேன். பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வலது பக்க ஆர்மின் பின்முனையில் ஒரு போல்ட். துருப்பிடித்து இறுகி, அதன் தலை ஆறு பக்கமும் மழுங்கி வட்டமாகிப் போயிருந்தது. ஸ்பேனர் நழுவி நழுவித் தேய்த்த தடம் சுற்றிலும் வெள்ளையாகத் தெரிந்தது. "இத யாரோ கழட்டப் பாத்துட்டு முடியாம விட்டுருக்காக" என்றான் முருகன். யார் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்தப் போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீ பரணில் ஒளித்த சாமானைத்தான் மாட்டினோம். பிடித்துக்கொள்ளச் சொன்னபோது நான் பிடித்துக்கொண்டேன். நசுங்கின கதவை அப்படியே விட்டுவிட்டேன். பிறகு சக்கரங்களை நேர் பார்த்துவிட்டு ஓட்டினேன். சத்தம் இல்லை.

ஆக, அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு நானே சொல்கிறேன். ஒரு போல்ட் வழுக்கியது. அவ்வளவுதான். யாருக்கும் வழுக்கும். உள்ளே வந்து, யம்மா, வலது பக்கம் முடியவில்லை, முருகனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள் என்று நீ சொல்லியிருந்தால், நான் உனக்கு இன்னொரு டம்ளர் மோர் கொடுத்திருப்பேன். உனக்கு அது வாயில் வரவில்லை. முடியவில்லை என்று சொல்வதைவிடச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி, காலண்டர் கட்டை நகர்த்தி, பின்னால் தள்ளி, மறுபடி நகர்த்தி வைத்திருக்கிறாய். அது மறதி ஆகாது.

நீ கல்லூரியில் படிக்கும்போது லீவுக்கு வந்திருந்தாய். அச்சகத்திலிருந்து வந்த காலண்டர் ப்ரூஃபை உன்னிடம் கொடுத்து அமாவாசை பௌர்ணமி எல்லாம் சரிபார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டேன் என்று கொடுத்தாய். கடைசி மாதங்களை நீ புரட்டவே இல்லை. கார்த்திகை அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகி லோடு முழுக்கத் திரும்பி வந்தது. அச்சகத்துக்காரர் தன் ஆளைத் திட்டினார். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். சின்ன வயசு, பயம் என்று நான் நினைத்தேன். இப்போது உனக்குச் சின்ன வயசு இல்லை. காதோரம் நரைக்கிறது, படத்தில் பார்த்தேன்.

பேச்சியம்மாளிடம் போனேன். ஊன்றுகோல் வைத்து வாசல்வரை நடக்கிறாள். உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். மழுப்பவில்லை, உன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன். காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். அவள் அழுவாள், சின்னப்பய விடுங்க என்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அப்படிச் சொன்னால் அதையும் உனக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த வேன் நிக்காமப் போயிருந்தா என்னக்கா பண்ணிருப்பீக?"

அவள் நாத்தனாரும் இரண்டு மதினிமாரும் அந்த மாதிரி வேனில்தான் தினமும் கம்பெனிக்குப் போகிறார்கள். நான் எழுந்திருக்கும்போது, "கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிக்கை கொண்டுவராதீக. கொண்டுவந்தா வாங்கி வைப்பேன். வரமாட்டேன்" என்றாள். உன் வாயில் சோறு ஊட்டின பேச்சியம்மாள் இப்படிச் சொன்னாள். தங்கம் உள்ளே இருந்து வந்து என் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை எனக்குக் கொடுத்த மரியாதையைக்கூட நீ அவள் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

புத்திமதி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள். பாதி வேலையைப் பாதி என்று சொல். பெண்டாட்டியிடம் சொல், பிள்ளையிடம் சொல், உன் மேலதிகாரியிடம் சொல். உனக்குச் சிறுமையாக இருக்கும். இருக்கட்டும். உன் சிறுமையைச் சுமக்க ஒருத்தி தொடை எலும்பைக் கொடுக்க வேண்டியதில்லை, இன்னொருத்தி கண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. நீ வந்து பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்று, உன் வாயால் சொல்ல வேண்டும். என் காலில் விழுந்து பிரயோசனம் இல்லை. எனக்கு உன் கண்ணீர் வேண்டாம். அவள் உன்னை மன்னிப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை நிவேதா காரியாபட்டியிலிருந்து வந்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண், முகூர்த்த ரவிக்கைக்கு இங்கே நம் தெரு டெய்லரிடம் அளவு கொடுக்க வந்தவள். முற்றத்தில் கார் நின்றது, நசுங்கின கதவோடு. இது என்ன அத்தை, இன்னும் சரி பண்ணவில்லையா, அவர் சொன்னார், உங்களுக்குக் கண் தெரியாமல் இடித்துவிட்டீர்களாமே என்று பாவமாகக் கேட்டாள். அவளிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாய். நான் அவளை உட்கார வைத்து, இங்கே எழுதினது அத்தனையும் சொன்னேன். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கல்யாணத்தை நிறுத்து என்றும் சொல்லவில்லை, நடத்து என்றும் சொல்லவில்லை. வாழப்போகிறவள் அவள்.

அந்தப் பெண் எழுந்து போய்க் காரின் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைக் கேட்டாள்.

"இத அவரு உங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னாரா அத்தை?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி உள்ளே வந்து, நாற்காலியில் வைத்திருந்த ரவிக்கைத் துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "அவரு சொல்லட்டும். அதுக்குப் பெறகு வந்து அளவு குடுக்குறேன்" என்றாள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். இன்னொரு நாள் என்றாள். நான் சாவியை எடுத்தேன். அவள் நசுங்கின கதவை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறினாள். பழைய பஸ் ஸ்டாண்டில் காரியாபட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது கிளம்பும்வரை நின்றுவிட்டு வந்தேன்.